பாதி பேட்டரியில் இறுகிய ஸ்டியரிங்

மின்சாரக் கார்கள் வந்ததிலிருந்து என் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. நான் வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது. என்னிடம் அந்தக் கார் இல்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, இப்போது கார் பட்டறைகளில் இருப்பவர்கள் விடுவதாயில்லை. "அண்ணே, ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிப் போச்சுன்னு ஒரு கஸ்டமர் வண்டிய கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாரு. நாங்க ஓட்டிப் பார்த்தா பூ மாதிரி திரும்புது லா. கம்ப்யூட்டர்லயும் ஒன்னும் காட்டல. என்னா செய்றது?"

நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். "இறுகுனப்போ பேட்டரி எவ்வளவு இருந்துச்சு? நீங்க ஓட்டிப் பார்த்தப்போ எவ்வளவு இருந்துச்சு?"

நிறையச் சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்திருப்பார்கள். எல்லாரும் செய்வதுதான், நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். இந்தக் கேள்வி என் மண்டையில் உதித்ததென்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இது பொன்னம்பலம் சாருடைய கேள்வி. அதை அவர் கேட்ட நாளில் ரோஸ்லி என்ற மனிதர் உடைந்த காலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மின்சாரத்தில் ஓடும் வண்டி, அதில் பவர் ஸ்டியரிங் என்றவுடன் ஏதோ நேற்று வானத்திலிருந்து இறங்கியதைப் போலப் பேசுகிறார்கள். எண்பதுகளிலேயே எங்கள் பினாங்குத் தீவில் அது ஓடிக்கொண்டிருந்தது. சாலையில் அல்ல, கிடங்குகளுக்குள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்பு முட்களால் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் வண்டிகள் அவை. உணவுச் சாமான் அடுக்கும் இடத்தில் டீசல் புகை ஆகாது என்று பேட்டரி வண்டிகளை இறக்கினார்கள். அவற்றை விற்றுப் பழுது பார்த்த கம்பெனியில்தான் நான் இருந்தேன்.

அதற்கு முன் எழுபதுகளில் அதே தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு லாரிப் பட்டறையில் தொழில் பழகினேன். கிரீஸ் அள்ளினேன், ஹொக்கியன் என்கிற சீன மொழியில் வசவு வாங்கினேன், பிரேக்கும் ஸ்டியரிங்கும் கற்றேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். பேட்டரி வண்டிக்கு வந்தபோது கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தொட்டால் அடிக்கும் என்பது மட்டுமே.

அந்த வண்டியின் ஸ்டியரிங்கைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. போர்க்லிப்டில் திரும்புவது பின்சக்கரம். பாரமான பேட்டரி பின்னால்தான் உட்கார்ந்திருக்கும், அதனால் சும்மா கையால் திருப்ப முடியாது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. அது எண்ணெயை அழுத்திக் கொடுக்கும், அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்பும். அந்த மோட்டாருக்குக் கரண்டை விடுவது காண்டாக்டர் என்கிற ஒரு பெரிய சுவிட்ச். டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் காண்டாக்டர் "டப்" என்று ஒட்டிக்கொள்ளும், மோட்டார் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அந்த ரீங்காரம் இருக்கும்வரை ஸ்டியரிங் இருக்கிறது. அது நின்றால் ஸ்டியரிங் இல்லை. முழுப் பலத்தையும் போட்டு இழுத்தால் கொஞ்சம் திரும்பும். ஆனால் நெருக்கடியான இடத்தில் அதற்கு யார் நேரம் கொடுக்கிறார்கள்?

பொன்னம்பலம் சார் எங்கள் சர்வீஸ் இன்ஜினியர். யாழ்ப்பாணத்து வம்சம். தகப்பனார் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி, அண்ணன்மார் டாக்டர்கள். அவர் மட்டும் எப்படியோ எண்ணெய்க் கையோடு நின்றுவிட்டார். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. சத்தம் போட மாட்டார், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். பழுதென்று சொன்ன வண்டியை ஓட்டியவனிடம் பேசாமல் யாரும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. அதுவும் அவர் பேசும் விதம் விசாரணை மாதிரி இருக்காது. எங்கே திரும்பினீர், கையில் என்ன பாரம், முள் மேலேயா கீழேயா, என்ன சத்தம் கேட்டது என்று வைத்தியர் நாடி பார்ப்பதுபோலப் போகும். இன்னொன்று, வேலை முடியும்வரை கஸ்டமர் கொடுக்கும் தேத்தண்ணீரைத் தொட மாட்டார். "குடிச்சிட்டா கிளம்பச் சொல்லுவினம்" என்பார். எத்தனை கிடங்குகளில் அவருடைய டீ ஆடை படிந்து கிடந்ததோ தெரியாது.

அந்தக் கேள்வியை அவர் கேட்ட நாளில், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கிலிருந்து அழைப்பு. நாங்கள் இரண்டு பேரும் காலை பெர்ரியைப் பிடித்தோம். கிடங்கு மானேஜர் மிஸ்டர் லிம் வாசலிலேயே நின்றிருந்தார். நடந்ததை அவர் சொன்னது இப்படி: முதல் நாள் பின்மத்தியானம் ஆறுமுகம் என்ற டிரைவர் பாரத்தோடு கதவைத் தாண்டி, லாரியில் சரக்கு ஏற்றும் மேடைக்கு வந்திருக்கிறான். அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். அவன் திரும்பாமல் நேரே போய், மேடை ஓரத்துத் தூணருகே சாமான் எண்ணிக்கொண்டிருந்த மலாய்க்காரக் கிராணி ரோஸ்லியைத் தூணோடு வைத்து நெருக்கிவிட்டான். ரோஸ்லிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

"தீபாவளி வரப்போவுது," என்றார் மிஸ்டர் லிம், மலாயில். "தண்ணி ஏத்திக்கிட்டு வந்திருப்பான். வண்டிய காலையில சார்ஜ் ஏத்திட்டு நாங்களே ஓட்டிப் பார்த்தோம், ஒரு கோளாறும் இல்ல. நீங்க வண்டி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க. எனக்குச் சரக்கு ஏத்தணும், கப்பல் நிக்குது."

ஆறுமுகம் கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாக நின்றான். பக்கத்திலேயே பாகான் டாலாம் ஊர்க்காரன். நாற்பது வயதிருக்கும், அந்தக் கிடங்கில் எல்லாரையும்விடப் பழைய டிரைவர். வேலை போனால் வேறு எங்கேயும் இப்படிப்பட்ட பேரோடு அவனைச் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் அவன் எங்களிடம் முதலில் கேட்டது, "ரோஸ்லி காலு சரியாயிடுமா சார்?" என்பதுதான்.

பொன்னம்பலம் சார் அவனை ஒரு அரிசி மூட்டையின்மேல் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஸ்டியரிங் இறுகேக்க நீர் என்ன செய்துகொண்டு இருந்தனீர்?"

"திரும்பிக்கிட்டே முள்ளைத் தூக்குனேன் சார். லாரி மட்டத்துக்குத் தூக்கணும்ல. ஸ்டியரிங் கைய விட்டுப் புடுங்குன மாதிரி நின்னு போச்சு. பிரேக்க மிதிச்சேன். நின்னுச்சு, ஆனா..."

"அந்த நேரம் பேட்டரி முள் எங்க நிண்டது?"

"பாதிக்குக் கீழே சார்."

சார் என்னைப் பார்த்தார். காலையில் சார்ஜ் முழுதாக இருந்த வண்டியை ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால், பசியாறியவனைப் பார்த்துப் பசியே இல்லை என்று சொன்ன மாதிரிதான். அவர் எழுந்து போய் மிஸ்டர் லிம்மிடம், பேட்டரி பாதிக்கு வரும்வரை வண்டி எங்களிடம்தான் இருக்கும் என்றார். லிம்மின் முகம் சிவந்தது. கப்பல், முதலாளி, எங்கள் கம்பெனியின் பெரிய தலைகள் என்று எல்லாரையும் இழுத்தார். சார் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் மெதுவாக, "வேற கிராணி ஒருத்தரை அந்தத் தூண் பக்கத்தில நிப்பாட்டுவீரோ? நிப்பாட்டினா வண்டியைத் தாறன்" என்றார். லிம் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.

மேடையில் யாரும் வரக் கூடாதென்று கயிறு கட்டினோம். தூணைச் சுற்றிச் சணல் மூட்டைகளை அடுக்கினோம். தூணுக்கு இந்தப் பக்கம் மேடை முடிந்து, கீழே லாரி வந்து நிற்கும் பள்ளம். பேட்டரியின் பெரிய பிளக்கில் சார் ஒரு கயிற்றைக் கட்டி, நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். ஏதாவது ஆனால் இழுப்பார், கரண்ட் மொத்தமும் அறுந்துவிடும். வண்டியை ஓட்டுவது நான். பக்கத்தில் நடப்பது அவர்.

"நீர் பாதையைப் பாரும். நான் சத்தத்தைப் பார்க்கிறன்," என்றார்.

ஆறுமுகம் ஏற்றிய அதே பாரத்தை ஏற்றிக்கொண்டு, அதே கதவு, அதே திருப்பம். போனேன், வந்தேன். போனேன், வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஏறியது, தகரக் கூரைக்குக் கீழே சட்டை முதுகோடு ஒட்டியது. பேட்டரி முள் மெல்ல மெல்ல இறங்கியது. லிம் கயிற்றுக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறுமுகத்தின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குடித்திருப்பானோ? நம் ஆள் என்பதற்காக நம்பிவிட்டோமோ?

பேட்டரி முள் பாதிக்குக் கீழே இறங்கியது. கதவைத் தாண்டி இடது பக்கம் ஒடித்தேன், கூடவே பாரத்து முள்ளைத் தூக்கும் நெம்புகோலை இழுத்தேன். வண்டின் ரீங்காரம் நின்றது.

அந்த நிசப்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஸ்டியரிங்கை யாரோ அந்தப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. தூணை விட்டு விலகிப் பள்ளத்தைப் பார்த்துப் போகிறது வண்டி. நான் பிரேக்கின்மேல் ஏறியே நின்றேன். அதே நொடியில் சார் கயிற்றை இழுத்தார். பாரம் முன்னால் ஆடி, பிறகு அடங்கியது. முன்சக்கரத்துக்கும் மேடை ஓரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.

"ஐயோ, அதான் சார், அதேதான்," என்று ஆறுமுகம் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தான். அவன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. பாவம், அந்தச் சந்தோஷம் அவனுக்கு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

வண்டியைப் பின்னால் தள்ளி, டிரைவர் கால் வைக்கும் தரைத்தகட்டைக் கழற்றினேன். ஸ்டியரிங் காண்டாக்டருக்குப் போகும் ஒயரின் பிளக் அதற்குக் கீழேதான் இருக்கிறது. தகட்டைத் தூக்கியதும் எறும்புகள் வந்தன. சின்னச் சிவப்பெறும்புகள், சாரிசாரியாக. பிளக்கின் வாய் முழுக்கப் பச்சைக் களிம்பு. சுற்றிலும் பிசுபிசுப்பு, சிக்குப் பிடித்த தேங்காய் வாடை. ஓரத்தில் குங்குமக் கறை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சாருக்கும் புரிந்தது. வேறு இனத்து மெக்கானிக்காக இருந்தால் எறும்பைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்திருப்பான். ஆயுத பூசை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

சார் நிமிராமலே கேட்டார். "என்ன ஊத்தினனீர்?"

ஆறுமுகம் பிளக்கைப் பார்த்தபடி நின்றான். "பூசைக்கு உடைச்ச தேங்கா சார். தண்ணிய ஸ்டியரிங்குலயும் கீழேயும் ஊத்துவேன். வருஷா வருஷம் ஊத்துறதுதான். வண்டி வயிறு குளிரட்டும்னு." பிறகு சார் பக்கம் திரும்பினான். "அப்போ நான்தானா சார்?"

தேங்காய்த் தண்ணீரில் உப்பும் இருக்கிறது, இனிப்பும் இருக்கிறது. செம்புக்கு இரண்டும் பகை. பிளக் அரித்துப்போய்க் கரண்ட் போகும் வழி சுருங்கிவிட்டது. வீட்டுக் குழாயில் அடைப்பு இருந்தாலும் டாங்கி நிறைந்திருக்கும்போது தண்ணீர் எப்படியோ வந்துவிடும், டாங்கி பாதியானதும் நின்றுவிடும் அல்லவா, அதே கதைதான். பேட்டரி பாதியான நேரத்தில் தூக்கும் மோட்டாரும் சேர்ந்து கரண்டை இழுத்தால், காண்டாக்டரைப் பிடித்துவைக்கப் பலம் போதாமல் அது விட்டுவிடுகிறது.

லிம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் தமிழில் சாரிடம் அவசரமாகச் சொன்னேன்: "பேட்டரி ஆசிட்னு சொல்லிடுவோம் சார். அதுவும் பச்சை புடிக்கும். தேங்கான்னு சொன்னா இவன் ஆறுமுகத்தைத் தொலைச்சிடுவான். பூசையும் போச்சு."

"பேட்டரி பின்னால இருக்கு. ஆசிட் எப்பிடி முன்னால வரும்? நாளைக்கு இன்னொருத்தன் திறந்து பார்த்தா, ஆறுமுகம் சொன்ன உண்மையும் பொய்யெண்டு ஆயிடும்," என்றார் சார். எனக்குக் கோபம் வந்தது. திருநீறு பூசிய மனுஷன், நம்மவனைக் கொஞ்சம் காப்பாற்றினால் என்ன குறைந்துவிடும் என்று மனதுக்குள் பொரிந்தேன்.

அவர் லிம்மிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். லிம்முக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆயிற்று. "அப்போ இவன்தான் கெடுத்தான். குடிச்சதவிட மோசம். சாமி கும்பிட்டு ஆளை உடைச்சிட்டான்."

"இந்தப் பிளக்குக்கு ஒரு ரப்பர் மூடி இருக்கோணும்," என்றார் சார், அதே மெல்லிய குரலில். "இல்லை. நாங்கள் வித்த வண்டி இது. எங்கட பிழை. மேடையில மழைச்சாரல் அடிக்குது, நீங்கள் குழாயால வண்டி கழுவுறீங்கள். மழைத்தண்ணி மெல்லச் செய்யிறதைத் தேங்காய்த்தண்ணி கெதியாச் செய்திருக்கு. அவ்வளவுதான்."

"பேச்சு நல்லாயிருக்கு," என்றார் லிம்.

"மற்ற வண்டிகளையும் திறப்பம்."

பழியைச் சொந்தக் கம்பெனியின் தலையிலேயே போட்டுவிட்டு நின்ற இன்ஜினியரை நான் அதுவரை பார்த்ததில்லை. மற்ற பிளக்குகள் சுத்தமாக இருந்தால் ஆறுமுகத்தின் கதை முடிந்தது, சாருடைய கதையும் ஏறக்குறைய முடிந்தது. முதல் வண்டியின் தகட்டைத் தூக்கினேன். மூடி இல்லை. ஆனால் செம்பு பளபளவென்று இருந்தது. லிம் சிரித்தார். ஆறுமுகம் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்தது ஆ செங் என்ற சீன டிரைவர் ஓட்டும் வண்டி. ஆயுத பூசையன்று எலுமிச்சம்பழம் கட்டக்கூட விடாத ஆள் அவன், ஆனால் வண்டியைத் தினம் தினம் குழாயைப் பிடித்துக் கழுவுவான். தகட்டைத் தூக்கினேன். எறும்பு இல்லை, குங்குமம் இல்லை. பிளக்கின் வாயில் பச்சை. ஆறுமுகத்தின் வண்டியில் இருந்ததில் பாதிதான், ஆனால் அதே பச்சை.

லிம் குனிந்து பார்த்தார், விரலால் சுரண்டிப் பார்த்தார். "இதுவும் நிக்குமா?" என்று கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

"நிக்கும். எப்பவெண்டு சொல்லத் தெரியாது," என்றார் சார்.

அந்த மத்தியானமே எல்லா வண்டியையும் நிறுத்தினோம், கப்பல் காத்திருந்தது. தீவிலிருந்து புது பிளக்குகளும் ரப்பர் மூடிகளும் வந்தன. கம்பெனி சாரைக் கூப்பிட்டுக் கிழித்துத் தோரணம் கட்டியது, அது தனிக்கதை. ஆறுமுகம் குடிக்கவில்லை, வண்டிதான் கைவிட்டது என்று லிம்மே மேலே எழுதிக் கொடுத்தார். அவன் வேலை தப்பியது. நல்ல மனிதர் என்று லிம்மைச் சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணால் பார்த்ததை மறுக்கிறவர் அல்ல.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஆறுமுகம் என்னிடம் வந்து, "அண்ணே, தேங்காத் தண்ணி ஊத்துனத ரோஸ்லிகிட்ட நானே சொல்லணும், என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. தனியாப் போக முடியல," என்றான்.

"போய்ப் பார்த்துட்டு வா, பழத்தைக் குடு, வந்துரு. தேங்காத் தண்ணிப் பேச்ச ஏன்டா அவருகிட்ட எடுக்கிறே? மூடி இல்லாதது தப்புன்னு சாரே சொல்லிட்டாரு. வேலை நிலைச்சாச்சு. போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிறியே," என்று சத்தம் போட்டேன்.

"மத்தவங்க சொல்லி அவருக்குத் தெரியக் கூடாதுண்ணே," என்றான்.

பார்வையாளர் நேரம். ரோஸ்லி கால் தொங்கவிடப்பட்டுக் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாவின் கை நின்றது. ஆறுமுகம் உட்காரவில்லை. நின்றபடியே, தப்புத் தப்பான மலாயில், ஒன்றையும் விடாமல் சொன்னான். பூசை, தேங்காய், ஊற்றியது, பச்சை, எறும்பு. மூடி இல்லாததை அவன் சொல்லவில்லை. நான் குறுக்கே புகுந்து சொன்னேன்.

அந்த அம்மா என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். கடைசியில் ரோஸ்லிதான் கேட்டார். "எதுக்கு ஊத்துவீங்க அத?"

ஆறுமுகம் தரையைப் பார்த்தான். "வண்டியால யாருக்கும் அடிபடக் கூடாதுன்னு."

ரோஸ்லி அவன் பக்கம் தலையைத் திருப்பினார். "அப்படின்னா எனக்கும் சேர்த்துத்தானே ஊத்தியிருக்கே," என்றார்.

ஆறுமுகம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டில் அத்தனை பேரும் பார்க்க, வாய்விட்டு அழுதான்.